நாற்பத்தோரு பள்ளம்

கேப்பர் மலையை மலையென்று சொன்னால்
செஞ்சிக்காரர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
அவர்களுடையது அண்ணாந்து ஏறும் மலை.
எங்களுடையது குனிந்து இறங்கும் மலை:
மழை தின்ற செம்மண்ணில்
ஆளுயரம், இரண்டாளுயரம், சில இடத்தில்
தென்னை உயரத்துக்குப் பள்ளம்.
இறங்கினால் ஏற வேண்டும்.
ஏறினால் அடுத்தது.

சிறைச்சாலைச் சுவரோரம் டீக்கடை திறக்குமுன்
நாலரைக்குப் புறப்பட்டோம், நாலு பேர்.
வழியைப் போனில் வரைந்துவந்தவன் ஜக்கரியா.
"வட்டம்க்கா. நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
கிளம்புன எடத்துக்கே வந்துடுவோம்."
கிளம்புன எடத்துக்கு வர்றதுக்கு
எதுக்குடா இவ்ளோ தூரம் என்றாள் சகாயமேரி.
தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் விடும் குரல்.
யாரிடமும் பதில் இல்லை.

தனவேலு டிரெய்லர் டிரைவர்.
இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தே
தூத்துக்குடி போய்வந்த கால்கள்.
நான் வீடு வீடாய்க் கரண்டு கணக்கெடுப்பவள்.
மாடிப்படி எண்ணிப் பழகியதில்
பள்ளங்களை எண்ணத் தொடங்கினேன்.

வெள்ளக்கரை தாண்டிப் பத்து.
முந்திரிச் சருகு எங்கள் ஒவ்வோர் அடியையும்
ஊருக்குச் சொல்லிக்கொண்டு வந்தது.
தானே புயலில் படுத்த மரங்கள்
படுத்தபடியே காய்த்திருந்தன.
கிளைமேல் ஏறி, கிளையடியில் தவழ்ந்து,
ஒரு பழம் கடித்தேன்.
தொண்டையைப் பிடித்ததில்
அடுத்த மூன்று பள்ளத்துக்கும் பேச்சில்லை.

பத்தொன்பதாவதில் வழுக்கிய தனவேலு
உட்கார்ந்த வாக்கிலேயே அடிவரை போனார்.
"பழக்கதோஷம்" என்றது கீழிருந்து குரல்.

நடுவீரப்பட்டுச் சாலையில் ஏறும்போது
பதினொன்றே முக்கால்.
யாரும் கை காட்டாமலே பஸ் நின்றது.
ஜக்கரியா ஷூவைக் கழற்றிக்
குதிகாலைப் பார்த்தான்.
எங்களைப் பார்க்கவில்லை.
ஏறிக்கொண்டான்.
வட்டமும் அவனோடு
கடலூருக்கு டிக்கெட் எடுத்தது.

(எனக்கும் ஒரு கால் படியில் இருந்தது.
இதை மற்ற இருவரிடமும் சொல்லவில்லை.)

முந்திரிக் காட்டில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்.
சித்திரைச் சூரியன் உச்சியில் நின்று
எந்தத் திசைக்கும் சாட்சி சொல்ல மறுத்தது.
ஒரே கரையான் புற்றை இரண்டு தரம் பார்த்தோம்.
மூன்றாம் தரம்
தனவேலு அதற்கு வணக்கம் வைத்தார்.

சகாயமேரி உட்கார்ந்துவிட்டாள்.
"ரெண்டு மணி ஆவட்டும்."
ஆனால்?
"காத்து வரும்."

இருபத்தேழாம் பள்ளத்தின் விளிம்பில்
பாட்டில் மூடியால் தண்ணீர் பங்கிட்டுக்
காத்திருந்தோம்.
முதலில் இலைநுனி.
அப்புறம் பின்கழுத்து வியர்வையில் ஒரு சில்லிப்பு.
கண்ணை மூடி, முகத்தை மெல்லத் திருப்பி,
விலை படிந்த மாதிரி எழுந்தாள்.
"கடலு. மூஞ்சில வாங்கிக்கினே நட."

பள்ளத்துக்குள் காற்றில்லை.
மேட்டில்தான் முகத்துக்குத் தகவல்.
அதுவரை மேட்டைத் திட்டியவள்
மேட்டுக்காக ஏறினேன்.
முப்பத்தைந்துக்குப் பிறகு எண்ணிக்கையில் சந்தேகம்.
நாற்பத்தொன்று என்று குறித்திருக்கிறேன்.
கணக்கெடுப்பவள்,
கூட்டி எழுதமாட்டேன்.

ராமாபுரம் வாழைத்தோட்டத்தில்
ஓடும் பம்புசெட்டு.
ஷூவோடு காலை நீட்டினார் தனவேலு.
கழற்றினால் மறுபடி மாட்ட முடியாதாம்.

சுவரின் விளக்குகள் தெரிந்தபோது எட்டு.
டீக்கடை பெஞ்சில் ஜக்கரியா.
அவன் முன்னால் ஆடை கட்டிய மூன்று டீ.
"எவ்ளோ வந்துச்சுக்கா, மொத்தம்?"
"உன் போன்லதானே இருக்கு" என்றாள் சகாயமேரி.
கடைக்காரர் புதிதாய் ஆற்றத் தொடங்கினார்.

சுவருக்கு உள்ளே எங்கோ ஒரு விசில்.

தனவேலு இப்போது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார்.
ஒரு கைப்பிடிச் செம்மண்
ஜக்கரியாவின் பாதத்தருகே ஈரமாய் விழுந்தது.
அவன் காலை நகர்த்தவில்லை.